ரயில் மே பாம்பு ஹை

5 ஆகஸ்ட் 2002, திங்கள்

மழை இல்லை. ஆகஸ்ட் பிறந்தும் ஜூன் வெயில். விடியுமுன் கரண்ட் போனது, தண்ணீரும் கூடவே போனது. அரை வாளியில் குளியல். கரோல் பாக்கில் வீடு எடுத்த நாளிலிருந்து இதே பாட்டு.

வாங்க வேண்டியது: உளுந்து, இவருக்குப் பிரஷர் மாத்திரை, சிவப்பு மைப் பேனா.

மூன்றாவது பீரியடில் பிரின்சிபல் கூப்பிட்டார். போலீஸிலிருந்து போனாம். ஒரு கேஸெட்டைக் கேட்டுத் தமிழிலிருந்து இந்திக்கு மாற்றித் தர ஆள் வேண்டுமாம். "தமிழ் டீச்சர் நீங்கதானே மிஸஸ் எஸ்தர், ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க." பத்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டு அப்படியே கிடக்கிறது. யாருக்கு அக்கறை?

ஸ்டேஷனில் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். டீ, பிஸ்கட். போன திங்கட்கிழமை நூறாம் நம்பருக்கு வந்த போன். மதராஸ் ரயிலில் குண்டு. ரயிலைக் காலி செய்து, நாய் கொண்டுவந்து, ஐந்து மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். பேப்பரில் பார்த்தோமே, அதுதான். "இவனுவள நடுரோட்டுல வச்சு அடிக்கணும்லா" என்று இவர் அன்று சத்தம் போட்டார். ஆண்பிள்ளை வேலை என்றே இருவரும் நினைத்தோம்.

கேஸெட்டில் பெண் குரல். ஓடி வந்த மூச்சு.

"ஹலோ, போலீஸா? சுனோ சாப். ரயில் மே பாம்பு ஹை. மதராஸ் ரயில். ரோக்கோ சாப், ஜல்தி ரோக்கோ."

போலீஸ்காரர் குரல்: "க்யா? பம்? பம் ஹை?"

"ஹாங், ஹாங். பாம்பு. படா பாம்பு."

சிரித்துவிட்டேன். அடக்கவே முடியவில்லை. இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கவில்லை. சார், இது குண்டு இல்லை, ஸாம்ப், பாம்பு, ஊர்ந்து போகுமே அது என்று கையை நெளித்தே காட்டினேன். மூன்று தடவை திருப்பிப் போட்டார். குண்டுக்குத் தமிழில் என்ன என்றார். குண்டுதான், பேச்சில் பாம் என்றும் சொல்வார்கள் என்றேன். "அப்படியானால் ஒன்றுதானே?" இல்லை சார், கடைசியில் ஒரு பு இருக்கிறது. அவர் ஏட்டைப் பார்த்தார், ஏட்டு மின்விசிறியைப் பார்த்தார்.

வீட்டில் சொன்னேன். இவருக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு. "படா பாம்பு, படா பாம்பு" என்று ராத்திரி முழுக்க.

6 ஆகஸ்ட், செவ்வாய்

கையெழுத்துப் போட மறுபடி ஸ்டேஷன். இந்தியில் நானே எழுதிக் கொடுத்தேன்: "ரயிலில் பாம்பு இருக்கிறது, பெரிய பாம்பு."

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை. நிதானமாகப் பேசினார். பார்லிமென்ட் சம்பவத்துக்குப் பிறகு எந்தப் போனையும் பொய் என்று விடக்கூடாதாம், உத்தரவு. "எல்லாத்தையும் நம்பியே ஆக வேண்டும் மேடம். நூறில் ஒன்று நிஜமாகிவிட்டால்? அதனால்தான் பொய் சொல்கிறவர்களை விடக்கூடாது. விட்டால் ஊரில் ஒரு ரயில் ஓடாது." பதினைந்தாம் தேதி வேறு வருகிறது, எல்லோருக்கும் பயம்.

கையெழுத்துப் போடும்போதுதான் தாளின் மேலே பெயரைப் பார்த்தேன். அஞ்சலை, கணவர் கோவிந்தன்.

நம் கோகிலாவின் அம்மா.

ஒன்பதாம் வகுப்பு பி, ஜன்னல் ஓரம். டெல்லியில் பிறந்த பிள்ளை, ஆனால் ழ சுத்தமாக வரும். ஒரு வாரமாக வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். பெற்றோர் கூட்டத்துக்கு முந்தானை ஈரத்தோடு வருவாள், நாற்காலியில் உட்காரச் சொன்னால் நெளிவாள்.

நேற்று சிரித்தேனே. சீ.

8 ஆகஸ்ட், வியாழன்

பள்ளிக்கு லீவு. பாதி நாள் சம்பளமில்லா லீவா, ட்யூட்டியா என்று ஆபீஸில் ஒரு சண்டை. பிறகு கோர்ட்.

இந்தி அவ்வளவாக வராத குற்றவாளி என்பதால் மொழிபெயர்க்க நானே வேண்டுமாம். இவள் மகள் என் மாணவி என்று முதலிலேயே ஜட்ஜிடம் சொல்லிவிட்டேன். "பரவாயில்லை மேடம், சொல்வதை அப்படியே சொல்லுங்கள், போதும்" என்றார். அடுத்த தேதி 12. அவ்வளவுதான் இன்று.

வராந்தாவில் அஞ்சலையோடு கொஞ்ச நேரம். பெண் போலீஸ் நல்லவள், தள்ளி நின்றாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. முதல் கேள்வியே, "டீச்சரம்மா, ஆடி எப்ப முடியுது?"

பதினாறோடு முடிகிறது என்றேன். பள்ளிக் காலண்டரில் பார்த்தது.

சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதி வைக்கிறேன்.

"எங்க வூட்டுக்காரு ஆடிக் கூழுக்கு ஊருக்குப் போறோம்னுதான் பொண்ணக் கூப்ட்டாரு. நாத்தனாருதான் வாய வுட்டுட்டா. ஆவணி பொறந்ததும் மொத முகூர்த்தத்துல அவ புள்ளைக்கே கட்டிடறதுன்னு. அவனுக்கு முப்பது வயசு. எம் பொண்ணுக்குப் பதினஞ்சு. நான் சௌக்கிக்கு ஓடினேன். போலீஸ்காரரு, கர் கா மாம்லா ஹை, வூட்டு விசயம், போம்மான்னுட்டாரு. வேலைக்குப் போயிட்டு வந்து பாத்தா வூட்ல யாருமில்ல. பெட்டியும் இல்ல."

அப்புறம் டெலிபோன் பூத்துக்கு ஓடியிருக்கிறாள். பூத்துக்காரன் அடையாளம் சொல்லித்தான் பிறகு பிடித்தார்களாம்.

"எங்கூர்ல ஒருக்கா பஸ்ல பாம்புன்னு ஒருத்தன் கத்தினான். அத்தினி பேரும் எறங்கிட்டாங்க, பஸ்ஸே நின்னுபோச்சி. அது ஞாவகம் வந்துச்சி. தேடி முடிக்கறதுக்குள்ள நான் போயி எம் பொண்ண இட்டாந்துடலாம்னு பாத்தேன்."

இந்தியில் ஸாம்ப் என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க? ஜாடு தெரியும், போச்சா தெரியும், பர்த்தன் தெரியும், பெருக்க, தொடைக்க, பாத்திரம் தேய்க்க. பாம்பப் பத்தி எந்த வூட்லயும் எங்கிட்ட பேசினதில்லியே."

அவள் ரயில் ஸ்டேஷனுக்குப் போனால் கேட்டை மூடியிருக்கிறார்கள். ஒருவரையும் உள்ளே விடவில்லை. ஏன் என்று கேட்டாளாம். பம் ஹை, குண்டு வைத்திருக்கிறார்கள், தள்ளிப் போ என்றார்களாம்.

"பயந்துட்டேன் டீச்சரம்மா. எம் பொண்ணு உள்ள இருக்கா. எந்தப் படுபாவி வச்ச பாமோன்னு மண்ணுல பொரண்டு அழுதேன். நான் சொன்னதுதான் அதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ரயிலு கெளம்பிடுச்சின்னு சொன்னப்ப, அப்பாடா, பாம் இல்ல, எம் பொண்ணு பொழைச்சிச்சின்னு கையெடுத்துக் கும்புட்டேன். அப்புறந்தான், ஐயோ போயிட்டாளேன்னு..."

பெண் போலீஸ் "சலோ" என்றாள். போய்விட்டாள்.

பஸ்ஸில் வரும்போது தாங்கவே முடியவில்லை. மூக்கு சிந்துவதைப் பார்த்துப் பக்கத்து ஸர்தார்ஜி தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

9 ஆகஸ்ட், வெள்ளி

சாயங்காலம் வக்கீல் வீட்டுக்கு வந்தான். கார்த்திக். இலவச சட்ட உதவியில் போட்டிருக்கிறார்கள். சின்ன வயசு, அப்பா அம்மா தஞ்சாவூர், பையன் டெல்லி. "ஆன்ட்டி, எனக்கு டமிழ் பேச வரும், படிக்க நஹி" என்று வாசலிலேயே அறிவித்தான். முறுக்கு முழு டப்பாவும் காலி.

அவன் சொன்னது. குண்டு என்று பீதி கிளப்பினால் 505. ஜாமீன் கிடைப்பது கஷ்டம், மூன்று வருஷம் வரை போகலாம். சர்க்கார் ஆளிடம் தெரிந்தே பொய்த் தகவல் சொன்னால் 182. ஆறு மாதம்தான் உச்சம். பாம்பு என்று என் மொழிபெயர்ப்பு இருப்பதால் 505 நிற்காது என்கிறான்.

"அதாவது ஒரு பு-வுக்கு ரெண்டரை வருஷம்" என்றார் இவர். ஆனால் சிரிக்கவில்லை. அன்று நடுரோடு என்றவர், நேற்று நான் சொன்னதிலிருந்து பேப்பரைக்கூட மடித்தபடியே வைத்திருக்கிறார்.

கார்த்திக் இன்னொன்றும் சொன்னான். "அவங்க நிஜமாவே பாம்பு பாத்தேன், இல்ல, பாத்த மாதிரி இருந்துச்சுன்னு சொல்லிட்டா, 182-ம் இல்ல ஆன்ட்டி. தெரிஞ்சே சொன்ன பொய் இல்லியே. கேஸ் கதம். சுத்தமா வெளிய வந்துடலாம். நீங்க அவங்ககிட்ட டமிழ்ல புரிய வையுங்க. கோர்ட்ல டமிழ் தெரிஞ்சவங்க நாம மூணு பேர்தான்."

கடைசி வாக்கியத்தை அவன் வேண்டுமென்று சொன்னானா, சும்மா சொன்னானா தெரியவில்லை.

12 ஆகஸ்ட், திங்கள்

கோர்ட். காலையிலிருந்து மதியம் வரை நின்றதுதான் மிச்சம். போலீஸ் வரவில்லை, பதினைந்தாம் தேதி பந்தோபஸ்து. 14-க்குத் தள்ளிவைத்தார்கள்.

அஞ்சலை விரலில் எண்ணுகிறாள். "இன்னும் நாலு நாளுதான ஆடி?" ஜாமீனுக்கு நிற்க ஆள் கிடையாது. ரேஷன் கார்டு புருஷன் பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டது. வேலை செய்த வீடுகளில் போலீஸ் விசாரித்ததும் நாலு வீட்டிலும் வேறு ஆள் வைத்துவிட்டார்களாம், கார்த்திக் சொன்னான்.

ஒன்பது பி-யில் ஒரு வாண்டு கேட்கிறது, "டீச்சர், கோகிலா மம்மி டெரரிஸ்டா?" காதைத் திருகினேன். திருகியிருக்கக் கூடாது. அது எங்கே போய்க் கற்றது, வீட்டில் பெரியவர்கள் பேசுவதுதானே.

14 ஆகஸ்ட், புதன்

தலைவலி. இருந்தும் எழுதிவிடுகிறேன்.

உள்ளே போவதற்கு முன் வராந்தாவில் கார்த்திக் சொன்னதை அவளிடம் சொன்னேன். பாம்பைப் பார்த்ததாகச் சொல்லிவிடு, ஒன்றுமில்லாமல் விட்டுவிடுவார்கள். நான்தான் சொன்னேன், மறைக்க என்ன இருக்கிறது.

கொஞ்சம் யோசித்தாள். "பாம்பப் பாத்தேன்னு சொல்லிட்டா, எம் பொண்ண ரயில்ல இட்டுனு போனத எப்பிடிச் சொல்றது?"

அதைச் சொல்லக்கூடாது, சொன்னால் பொய்க்குக் காரணம் இருந்ததாகிவிடும் என்றான் கார்த்திக்.

"அப்ப வேணாம். அம்மாம் பெரிய அதிகாரி உக்காந்து நான் சொல்றதக் கேக்கப்போறாரு. எம் பொண்ணச் சொல்லாம பாம்பயா சொல்லுவேன்?"

கார்த்திக் தலையில் கை வைத்தான்.

505 போயிற்று. ஜட்ஜ் என் எழுத்தைப் படித்தார், கேஸெட்டைக் கேட்டார், லேசாகச் சிரித்தார்கூட. பிறகு அவளிடம்: போன் செய்தது நீயா? பாம்பைப் பார்த்தாயா?

அஞ்சலை கைகூப்பி நின்றாள். நன்றாகத் தெளிவாகச் சொன்னாள். "பாக்கலீங்க ஐயா. பொய் சொன்னேன். எம் பொண்ணு அந்த ரயில்ல இருந்தா. அவளுக்குப் பதினஞ்சு வயசு. ஆவணியில கட்டிக் குடுக்கப் போறாங்க. நீங்கதான் தடுக்கணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கார்த்திக் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. "பார்த்த மாதிரி இருந்தது" என்று நான் சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், மகள் பேச்சு எப்போது வரும் என்று. அப்படியே இந்தியில் சொன்னேன். ஆறு வாக்கியமும்.

டைப்பிஸ்ட் முதல் வாக்கியத்தை அடித்தான். "பொய்யான தகவல் என்று தெரிந்தே கொடுத்தேன்." மகள் வந்ததும் ஜட்ஜ் கையை உயர்த்தினார். அது வேறு விஷயம், உரிய இடத்தில் மனு கொடுக்கட்டும், இங்கே வேண்டாம். டைப்பிஸ்ட் கை நின்றது.

குற்றம் ஒப்புக்கொண்டதால் இதுவரை உள்ளே இருந்ததே தண்டனை. கொஞ்சம் அபராதம், கார்த்திக்கே கட்டினான். நல்ல தீர்ப்பு என்றார்கள் எல்லோரும். என்னோடு கைகுலுக்கினார்கள்.

"எழுதிக்கிட்டாங்களா டீச்சரம்மா, எம் பொண்ணப் பத்தி?" என்று கேட்டாள். எழுதவில்லை என்றேன். ஓ என்றாள்.

15 ஆகஸ்ட், வியாழன்

கொடியேற்றம். லட்டு. மொட்டைமாடி எல்லாம் பட்டம். எதிர்வீட்டு பையா காலையிலிருந்து லவுட்ஸ்பீக்கர்.

பேப்பரில் மூன்றாம் பக்கத்தில் சின்னதாக: புரளி கிளப்பிய பெண் குற்றவாளி என்று தீர்ப்பு. பாம்பு பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெயரும் ஊரும் மட்டும் சரியாக. பக்கத்திலேயே இன்னொரு கட்டுரை, புரளிக்காரர்களுக்குச் சட்டம் போதவில்லை, இன்னும் கடுமை வேண்டும் என்று. கிழித்துக் குப்பையில் போட்டேன்.

16 ஆகஸ்ட், வெள்ளி

நேற்று லீவு, இன்றுதான் விட்டார்கள். திகார் ஜெயில் வாசலில் நானும் கார்த்திக்கும். மெலிந்திருக்கிறாள். டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்கவில்லை, நேராகப் போலீஸ் ஸ்டேஷன் போகணும் என்றாள்.

அவள் குடிசைக்குப் பக்கத்து ஸ்டேஷன். நான் இந்தியில் சொன்னேன்: மைனர் பெண், தாய்க்குத் தெரியாமல் கூட்டிப்போயிருக்கிறார்கள், கல்யாணம், சட்டப்படி குற்றம். மேஜையில் இருந்தவர் பாதி எழுதியவர் பெயரைக் கேட்டதும் பேனாவை மூடினார்.

"அஞ்சலை? பம் வாலி?" குண்டுக்காரியாம்.

பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"பஹலே ஸாம்ப், அப் ஷாதி" என்றார் ஒருவர். முதலில் பாம்பு, இப்போது கல்யாணம். சிரிப்பு.

நான் கத்தினேன். வெட்கமில்லாமல் கத்தினேன். பொய்க்கு நாய் கொண்டு வந்தீர்களே, நிஜத்துக்கு ஒரு தாள் இல்லையா என்று. பெரியவர் வந்து என்னை உட்காரவைத்தார். "மேடம், கோபப்படாதீர்கள். கல்யாணம் நடப்பது தமிழ்நாட்டில், எங்கள் எல்லை இல்லை. அதோடு இவள் கோர்ட்டிலேயே பொய் என்று ஒப்புக்கொண்டவள். நாளைக்கு இதுவும் பொய் என்றால் என் வேலை போகும்."

ஒப்புக்கொண்டதை அவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னது நான்தான்.

17 ஆகஸ்ட், சனி

ஆவணி ஒன்று. புழுக்கம். ஒரு துளி மழை இல்லை.

இவர் இன்று செய்ததை எழுதி வைக்க வேண்டும். காலையில் ஷேவ் செய்து, பேன்ட் சட்டை போட்டு, தந்தி ஆபீஸ். முப்பது வருஷம் சர்க்கார் ஆபீஸில் நோட் எழுதியவர். மாவட்டக் கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் இரண்டு தந்தி. பெண் பெயர், வயது, ஊர், மாப்பிள்ளை பெயர், உடனே தடுக்கவும், தாய் அஞ்சலை. தன் பெயரையும் போட்டேன் என்றார். "அவ பேரு மட்டும் இருந்தா நம்ப மாட்டானுவ."

அஞ்சலை சமையலறைத் தரையில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்கிறாள். மதியம் நம் போனிலிருந்து அவள் ஊர் மளிகைக் கடைக்குப் பேசினாள். கூப்பிட்டு விடுகிறேன் என்று கடைக்காரர் சொல்கிறார், யாரும் வருவதில்லை.

18 ஆகஸ்ட், ஞாயிறு

கோயில். பிரசங்கம் எதுவும் காதில் ஏறவில்லை. ஒரே ஜெபம்தான், அதையே திரும்பத் திரும்ப.

இன்றும் கடைக்குப் போன். கடையே பூட்டு போலிருக்கிறது.

20 ஆகஸ்ட், செவ்வாய்

கட்டுரை நோட்டு ஒருவழியாகத் திருத்தி முடித்தேன். "நான் விரும்பும் ஊர்" என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். அந்த அடுக்கில் கோகிலாவின் நோட்டு இல்லை, அவள் ஒன்பதாவது. ஏன் தேடினேன்?

இவருக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது. தந்திக்குப் பதில் வந்ததா என்று தபால்காரரை வழியில் நிறுத்திக் கேட்கிறார்.

21 ஆகஸ்ட், புதன்

நாலு மணிக்கு மழை. இந்த வருஷத்தின் முதல் நல்ல மழை. துணி எல்லாம் நனைந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

அஞ்சலை வந்ததும் கடைக்குப் போன் போட்டோம். கோகிலா வந்தாள். அஞ்சலை "கண்ணு" என்றாள். போனை என் கையில் திணித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"டீச்சர், நல்லா இருக்கீங்களா?" அதே குரல். வகுப்பில் எழுந்து நின்று பேசுகிற மாதிரி. "முந்தாநாள் காலைல கல்யாணம் ஆயிடுச்சி டீச்சர்."

யாரும் தடுக்கவில்லையா என்றேன்.

"அதுக்கு முந்தின நாள் போலீஸ் வந்தாங்க டீச்சர். ஜீப்ல. தந்தி வந்துச்சின்னு. எனக்கு வயசு என்னான்னு கேட்டாங்க. அதுக்குள்ள அத்தை, அம்மாவப் பத்திப் போட்டிருந்த தமிழ்ப் பேப்பரக் காட்டினாங்க. பொய்த் தகவல் குடுத்து ஜெயிலுக்குப் போனவ குடுத்த தந்தி இதுன்னு. அவங்க படிச்சுப் பாத்துட்டுப் போயிட்டாங்க."

பின்னால் ஏதோ பெண் குரல், சீக்கிரம் என்று. கோகிலா வாயைப் போனுக்குள் வைத்துப் பேசினாள்.

"டீச்சர், அம்மா பொய் சொல்லி ஜெயிலுக்குப் போனாங்கன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. அது பொய்தானே டீச்சர்?"

அஞ்சலை தரையிலிருந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"பொய்தாம்மா" என்றேன்.

"அச்சா டீச்சர். நானும் அதையேதான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."